கையால் செய்த குளிர்காலம்

சட்டியில் செருகியிருந்த அட்டை
மைனஸ் முப்பது வரை தாங்கும் என்றது.
சீசன் முடிந்து நுவரெலியா ஓட்டல்காரர்கள்
பூத்து ஓய்ந்த சட்டிகளை லொறியில் ஏற்றியபோது
முந்நூறு ரூபாய்க்கு இறக்கிக்கொண்டேன்.
முழ உயரம். உடம்பெல்லாம் முள்.
தண்ணீரில் ஊறிய விரல்போலச் சுருங்கிய இலை.

சன்னாசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நமக்கு ஒரு ஸ்வெட்டர் இல்ல,
இது கம்பளியோட பொறந்திருக்கு."

கந்தப்பளையில், பீலிக்குப் பக்கம்,
லயத்து வாசலுக்கும் கானுக்கும் நடுவில்
இரண்டு சாண் மண் இருக்கிறது,
யார் பேரிலும் எழுதாத மண்.
அங்கே நட்டேன்.

தையில் ஓர் இரவு வானம் துடைத்தமாதிரி இருந்தது.
விடியும்போது பள்ளத்துப் புல்லெல்லாம் உப்பு.
ஆறாம் நம்பர் மலையடியில் தேயிலை
இஸ்திரிப்பெட்டி மறந்து வைத்த துணியாய்க் கருகிக்கிடந்தது.
ஹீன்மெனிக்காவின் கிழங்குப் பாத்தி
கொதிநீர் ஊற்றிய கீரையாய்த் தொங்கியது.
அவள் வரப்பில் குந்தியிருந்தாள்.
நானும் போய்க் குந்தினேன்.
இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

திரும்பி வந்தால்
ரோசா, இலை ஓரமெல்லாம் வெள்ளைத் தையல் போட்டுக்கொண்டு
நிற்கிறது.
வெயில் ஏறியதும் உதறிவிட்டது.
எனக்குச் சந்தோஷம் வரவில்லை.
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அதைச் சாய்த்தது ஆனி மழை.
அடுப்புக்கு மேலே தொங்கியும் காயாத துணி,
சுவரில் பூஞ்சணம், மூன்று வாரம்
எதிர் மலையே இல்லை.
இலையில் ஒரு கரும்புள்ளி. பிறகு நாலு.
பிறகு எண்ணவில்லை.
பூவும் இல்லை, மொட்டும் இல்லை,
வாது மட்டும் நீண்டு நீண்டு
வேலியைத் தேடிக்கொண்டிருந்தது.

சன்னாசி கவ்வாத்துக்காரர்.
செடியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.
"இது தூங்கவே இல்ல," என்றார்.
"அது ஊருல பாதி வருசம் எலையக் கொட்டிட்டு
செத்தமாதிரி கெடக்கும்.
இங்க யார் அதைப் படுக்கச் சொன்னா?"
நாலரைக்கு எழும்புகிறவள் நான்.
கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆவணிக் கடைசி ஞாயிறு.
கத்தி அவருக்கு, இலை எனக்கு.
விரல் பழக்கம் பொல்லாதது:
இருபத்திரண்டு வருசம்
இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளிய விரல்
நுனிக்கே ஓடியது. இழுத்துப் பிடித்தேன்.
அன்றைக்குத்தான் முதல்முறை
கொழுந்தை விட்டு முற்றலைப் பறித்தேன்.
முதுகில் கூடை இல்லை. தராசு இல்லை.
இன்றைக்கு எத்தனை கிலோ என்று
யாரும் கேட்கவில்லை.

ஒரு மணித்தியாலத்தில்
முள்ளும் குச்சியும்தான் மிச்சம்.
பக்கத்துக் காம்பரா பூமயில் எட்டிப் பார்த்தாள்.
"நல்லா இருந்த செடிமேல என்னா கோவம்?"
"குளிர்காலம்," என்றேன்.
அவள் சன்னாசியைப் பார்த்தாள்.
அவர் வெட்டுவாயில் சாணி அப்பிக்கொண்டிருந்தார்.

உரப்பையைக் கிழித்துக் கூரை கட்டினேன்.
மழையும் படவேண்டாம், தண்ணீரும் வேண்டாம், பதினைந்து நாள்.
ராத்திரி வாளி கழுவப் போகும்போதெல்லாம்
அதன் பக்கம் பார்க்காமல் நடந்தேன்,
தொட்டிலைத் தாண்டுகிறமாதிரி.

பிறகு, இலை கிள்ளிய வடுவுக்கு மேலே
சிவப்பாய் ஒரு முனை.
பல் வருகிற ஈறு.
எல்லா வடுவிலும் இல்லை, சிலது சும்மாவே காய்ந்தது.

ஐந்து பூ.
பீட்ரூட் அவித்த தண்ணீரின் நிறம், கராம்பு வாசம்.
சம்பளத்தன்று விரிந்தது ஒன்று,
அதைப் பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஹீன்மெனிக்கா ஏறி வந்து குச்சி கேட்டாள்.
இரண்டு வெட்டிக் கொடுத்தேன்.
அட்டையில் இருந்த எண்ணைத் தொட்டு
இது என்ன என்றாள்.
"குளிர். அது ஒரு பிரச்சினை இல்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான்
அவளுடைய பாத்தி ஞாபகம் வந்தது.

அவள் குச்சிகளைப் பழைய பத்திரிகையில் சுற்றி,
முள் படாத இடமாய்ப் பார்த்துப் பிடித்து,
கான் ஓரமாக இறங்கிப் போனாள்.